ப்யோலின் காப்பிக் கோப்பை

“இன்னும் எத்தனை நாளைக்குத்தான் இதையே எழுதிக்கிட்டிருப்பீங்க?”

இந்தக் கேள்வி எழாமல் முடிந்த இலக்கியக் கூட்டம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. கேட்கிறவர் கெட்டவராக இருக்கமாட்டார். நம் கதைகளை வாசித்திருப்பார், டீ வாங்கித் தருவார், தோளில் கைபோட்டுக்கொண்டுதான் கேட்பார். சேரி, கூலி, அடி, இழவு, குடிசைக்கு வைத்த தீ எல்லாம் சரி, அதைத் தாண்டி வரவேணாமா என்பார். உலக இலக்கியத்தைப் பாருங்க, ஜெர்மன்காரன் எழுதுறதைப் பாருங்க என்பார். அவருக்கு ஜெர்மன்காரன் என்றால் தாமஸ் மன், ஹெர்மன் ஹெஸ்ஸே. ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்தா’வில் ஒரு பிராமணப் பையன் ஞானம் தேடி அலைகிறான். அது அவருக்கு இதமாக இருக்கிறது. இருக்கட்டும்.

ஜெர்மன்காரன் எழுதியதை நானும் பார்த்தேன். நான் பார்த்த ஆள் வேறு. ஹைன்ரிச் ப்யோல். 1972இல் நோபல் பரிசு வாங்கியவர். ஆக, நம்ம ஆளுக்கு மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் இதே கேள்வியை அவரிடமும் கேட்டிருக்கிறார்கள். போர் முடிந்து ஏழு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள், எத்தனை நாளைக்குப் போரையும், போரிலிருந்து திரும்பியவனையும், இடிந்த வீட்டையும் எழுதுவீர்கள் என்று கேட்டார்கள். ப்யோலையும் அவர் வயதுக்காரர்களையும் ‘இடிபாட்டு இலக்கியக்காரர்கள்’ என்று பெயர் வைத்து ஒதுக்கப் பார்த்தார்கள். 1952இல் அவர் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். அதில் மறுப்பே கிடையாது. ஆமாம், நாங்கள் இடிபாட்டைத்தான் எழுதுகிறோம், ஏனென்றால் நாங்கள் குடியிருப்பது அதில்தான் என்று அந்தப் பெயரை அப்படியே எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். ஐரோப்பிய இலக்கியத்துக்கே மூத்தவன் என்று நீங்கள் கும்பிடுகிற ஹோமர் எதை எழுதினான், ஒரு ஊர் அழிந்ததையும் ஒருத்தன் போரிலிருந்து வீடு திரும்பியதையும்தானே என்று திருப்பிக் கேட்டார். டிக்கன்ஸைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். அந்த ஆள் இங்கிலாந்தின் சிறைச்சாலைகளையும் ஏழைகள் விடுதிகளையும் கண்ணால் பார்த்தான், பார்த்ததை எழுதினான், கொஞ்சம் மாறவும் மாறியது என்றார்.

வசவாக வந்த பெயரைக் கொடியாக உயர்த்துவது நமக்கு ஒன்றும் புதிசில்லை. ‘தலித்’ என்ற சொல்லுக்கே நொறுக்கப்பட்டவர், உடைக்கப்பட்டவர் என்றுதான் பொருள். அதனால்தான் அந்தக் கட்டுரையைப் படித்தபோது என்னமோ தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது.

எனக்கு ஜெர்மன் தெரியாது. எம்.ஏ. தமிழ் படிக்கும்போது பாடத்திட்டத்தில் ஜெர்மானிய இலக்கியம் கதே என்கிற ஒரு பெயரோடு முடிந்துபோனது. லைலா வென்னவிட்ஸ் என்ற பெண்மணி ஆங்கிலத்தில் பெயர்த்த ப்யோலைத்தான் நூலகத்தில் எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தேன். அகராதி அதிகம் தேவைப்படவில்லை. ரொட்டி, காப்பி, சிகரெட், வாடகை, அடகு, கட்டில், பிணம். இந்தச் சொற்கள் தெரிந்தவர்கள் ப்யோலை வாசித்துவிடலாம்.

1917 டிசம்பர் 21இல் கொலோன் நகரத்தில் பிறந்தார். ரைன் ஆற்றங்கரை ஊர். அப்பா விக்டர் மரவேலைக்காரர், சிற்ப வேலையும் தெரிந்தவர். கத்தோலிக்கக் குடும்பம். ஓரளவு வசதியாக இருந்தவர்கள், 1930 வாக்கில் பொருளாதாரம் விழுந்தபோது சொந்த வீட்டை விற்றுவிட்டு வாடகைக்கு அலைந்தார்கள். கூடப் படித்த பையன்கள் எல்லோரும் ஹிட்லரின் இளைஞர் படையில் சேர்ந்தபோது இவர் சேரவில்லை. பெரிய புரட்சிக்காரர் என்பதால் இல்லை. அணிவகுப்பும் சீருடையும் பிடிக்கவில்லை, வீட்டிலும் யாருக்கும் ஹிட்லரைப் பிடிக்கவில்லை. பள்ளி முடித்துப் பான் நகரத்துப் புத்தகக் கடை ஒன்றில் வேலை பழகினார். 1939இல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கொஞ்ச நாளில் ராணுவத்துக்கு இழுத்துக்கொண்டார்கள். அப்புறம் ஆறு வருஷம் பிரான்ஸ், ருஷ்யா, ருமேனியா, ஹங்கேரி. பலமுறை காயம். இடையில் பொய்யாகக் காய்ச்சலை வரவழைத்தும், விடுப்புச் சீட்டைத் திருத்தியும் சண்டையிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தார். 1944இல் விமானத் தாக்குதலின்போது அவருடைய அம்மா மாரடைப்பில் இறந்தார். 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை இவரைப் பிடித்தது. விடுதலையாகி வந்தபோது பிறந்த ஊரே இல்லை. போருக்கு முன் ஏழரை லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த கொலோனின் நடுப்பகுதி செங்கல் குவியலாகக் கிடந்தது. முதல் மகன் கிறிஸ்டோஃப் அந்த 1945ஆம் வருஷமே பிறந்து அந்த வருஷமே செத்துப்போனான்.

எழுத உட்கார்ந்தார். வீட்டுக்குச் சோறு போட்டவர் மனைவி அன்னமாரி. ஆசிரியை வேலை அவருக்கு. ப்யோல் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நானும் வேகமாகத்தான் நகர்கிறேன், ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டு: பின்னால் சின்ஜ், ஷா, சாலிஞ்சர் என்று ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்குப் போன பல புத்தகங்களில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. ஆங்கிலம் படித்த ஆள் அந்த அம்மாதான்.

1949இல் ‘ரயில் நேரத்துக்கு வந்தது’ என்ற குறுநாவல் வெளியானது. அதை அடுத்து அவர் எழுதிய நாவல், ‘தேவதை மௌனமாக இருந்தாள்’ என்று சொல்லலாம். 1945 மே மாதம், போர் முடிந்த அன்று, இன்னொருத்தன் பெயரில் காகிதங்களை வைத்துக்கொண்டு ஒரு சிப்பாய் இடிந்த நகரத்துக்குள் ரொட்டி தேடி வருகிறான். ரொட்டியின் வாசனையும் ருசியும் அந்த நாவலில் வருகிற மாதிரி நான் வேறெங்கும் படித்ததில்லை. பதிப்பகம் அதைப் போடவில்லை. மக்கள் இனி போரைப் பற்றிப் படிக்க விரும்பமாட்டார்கள் என்றார்கள். கையெழுத்துப் பிரதி அப்படியே கிடந்தது. அதிலிருந்து துண்டு துண்டாகப் பிய்த்து வேறு கதைகளில் செருகிக்கொண்டார். நாவல் முழுசாக அச்சானது 1992இல். ப்யோல் செத்து ஏழு வருஷம் ஆன பிறகு. நோபல் பரிசுக்காரரின் இடிபாட்டுக்கே நாற்பது வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது என்று அந்தத் தோள்மேல் கைபோடுகிற நண்பரிடம் யாராவது சொல்லுங்கள்.

1950இல் பிழைப்புக்காகக் கொலோன் நகரப் புள்ளிவிவர அலுவலகத்தில் தற்காலிக வேலை பார்த்தார். வீட்டுக் கணக்கெடுப்பு. பாலத்தில் ஒருத்தனை உட்காரவைத்துப் போகிறவர் வருகிறவரை எண்ணச் சொல்லும் கதை ஒன்று அவருடையது. அவன் தான் காதலிக்கிற பெண்ணை மட்டும் கணக்கில் சேர்ப்பதில்லை. கணக்கில் வருவதே உரிமை என்று நினைக்கிற நமக்கு அந்தக் கதை கொஞ்சம் இடிக்கும். எண்ணப்படாமல் இருப்பதை ஒரு பரிசாக நினைக்க அவருக்கு முடிந்தது.

நான் அதிகம் சொல்லவேண்டியது ‘பாலெக் குடும்பத்துத் தராசு’ கதையைப் பற்றி. 1952இல் எழுதியது. பத்துப் பக்கம்கூட இருக்காது. பழைய ஆஸ்திரியப் பேரரசில் ஒரு மூலை. ஐந்து தலைமுறையாக அந்த ஊர்களில் எல்லோருக்கும் ஒரே வேலை, லினன் துணிக்கான நார்ச்செடியை உடைத்து நார் பிரிப்பது. அந்தத் தூசியைச் சுவாசித்தே சாகிறார்கள். பெரியவர்கள் கொட்டகைக்குப் போனதும் பிள்ளைகள் காட்டில் காளான், மூலிகை, வைக்கோல் பூ பொறுக்கிக்கொண்டுபோய்ப் பாலெக் பண்ணை வீட்டில் விற்கிறார்கள். அங்கே பொன்முலாம் பூசின பழைய தராசு ஒன்று நிற்கிறது. அந்த ஊர்களில் வேறு யாரும் தராசு வைத்திருக்கக் கூடாது. அது சட்டம். மீறினால் காளானும் வாங்கமாட்டார்கள், வேலையும் கிடையாது. அதனால் அந்தத் தராசு சரியா தப்பா என்று சோதிக்க யாருக்கும் தோன்றியதே இல்லை.

1900 புத்தாண்டுக்குப் பேரரசர் பாலெக்குகளுக்குப் பிரபுப் பட்டம் கொடுக்கிறார். சந்தோஷத்தில் குடும்பத்துக்குக் கால் பவுண்டு காப்பி இனாம். நாலு குடும்பத்துப் பொட்டலத்தை வாங்க வந்த பன்னிரண்டு வயசுப் பையன், வேலைக்காரப் பெண் உள்ளே போன நேரம், சும்மா நாலையும் தூக்கித் தராசில் வைக்கிறான். மறுதட்டில் அரைக் கிலோ எடைக்கல். நாலு கால் பவுண்டு சேர்ந்தால் அரைக் கிலோ, முள் நடுவில் நிற்கவேண்டும். நிற்கவில்லை. கால்சட்டைப் பையில் கவணுக்கு வைத்திருந்த கூழாங்கற்களை ஒவ்வொன்றாகப் போடுகிறான். ஐந்தாவது கல்லில் முள் நேராகிறது.

அந்த ஐந்து கல்லைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு பனியில் வெகுதூரம் நடந்து வேறு ஊர் மருந்துக்கடைக்காரரிடம் போய் நிறுக்கச் சொல்கிறான். ஐம்பத்தைந்து கிராம். அரைக் கிலோவுக்கு ஐம்பத்தைந்து கிராம் நியாயம் குறைகிறது. ஐந்து தலைமுறைக்கு எவ்வளவு?

எங்கள் வட்டாரத்தில் விவசாயக் கூலிப் பெண்களுக்காக நடத்தும் இரவுக் கூட்டத்தில் இந்தக் கதையை ஒருமுறை சொன்னேன். வெளிநாட்டுக் கதை என்று முன்னுரையெல்லாம் போடவில்லை. நடுவில் ஒரு பாட்டி நிறுத்தினாள். “அந்தப் புள்ள கல்லைத் தூக்கிக்கிட்டு யாருகிட்ட போச்சு?” வேற ஊரு மருந்துக்கடைக்கு என்றேன். “கெட்டிக்காரப் புள்ள. உள்ளூருக்குள்ள கேட்டிருந்தா தோலை உரிச்சிருப்பானுவ.” அப்புறம் மரக்கால் பேச்சு வந்தது. கடனுக்கு அளக்கிறது ஒரு மரக்கால், வாங்கிப்போடுகிறது ஒரு மரக்கால். அடியில் மெழுகு அப்பின மரக்கால். கூலி நெல் அளக்கும்போது மட்டும் கட்டைவிரல் உள்ளே போகிற மரக்கால். கதை அன்றைக்கு முடியவில்லை. பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. நானும் இழுத்துப் பிடிக்கவில்லை.

மிச்சத்தை அடுத்த வாரம் சொன்னேன். சனங்கள் பண்ணை வீட்டுக்குள் புகுந்து தராசையும் கணக்குப் புத்தகத்தையும் தூக்கி வந்துவிடுகிறார்கள். பையனுடைய வீட்டில் உட்கார்ந்து எல்லோருக்கும் வரவேண்டிய பாக்கியைக் கணக்குப் போடுகிறார்கள். கணக்கு முடிவதற்குள் போலீஸ் வந்து சுடுகிறது. பையனுடைய குட்டித் தங்கச்சி சாகிறாள். ஒரு போலீஸ்காரனும் கத்திக்குத்தில் சாகிறான். தராசு பழைய இடத்துக்கே போகிறது. பையனுடைய குடும்பம் ஊரைவிட்டு வெளியேறிக் கூடை முடைந்து பிழைக்கிறது. எங்கே தங்கினாலும் நியாயத்தின் முள் அங்கேயும் கோணலாகத்தான் ஆடுகிறது. கேட்கிறவர்களுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். காது கொடுக்கிறவர்கள் அநேகமாக யாருமில்லை. கதை அங்கே முடிகிறது. “அந்தக் கணக்கு நோட்டு என்னாச்சு?” என்றாள் பாட்டி. அதையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றேன். “அதான பாத்தேன்” என்று வெற்றிலையை மடித்தாள்.

இவ்வளவு நேரான கதையைக் கலை இல்லை என்று சொல்கிறவர்கள் ஜெர்மனியிலும் இருந்தார்கள். ப்யோல் நல்லவர், ஆனால் பெரிய எழுத்தாளர் இல்லை என்று ஒரு பேச்சு கடைசிவரை அவரைத் துரத்தியது. நல்லவர் என்பதையே ஒரு வசவாகப் பயன்படுத்தினார்கள். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. 1964இல் ஃப்ராங்க்பர்ட் பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவாற்றக் கூப்பிட்டபோது, வீடு, அண்டை அயல், காசு, அன்பு, மதம், சாப்பாடு இவைகளை வைத்து மனிதர்க்கான ஓர் அழகியலைப் பேசினார். சாப்பாட்டைப் பற்றி அழகியல் பேசலாம் என்று பல்கலைக்கழகத்திலேயே சொன்ன ஆள்.

அந்த அழகியல் முழுசாக வடிவம் கொண்டது 1971இல் வந்த ‘ஒரு பெண்ணுடன் குழுப்படம்’ நாவலில். நம் பத்திரிகை வாசகர்களுக்கு இந்த நாவல் வடிவத்தாலேயே பிடிக்கும். ‘ஆசிரியர்’ என்று மட்டும் தன்னைச் சொல்லிக்கொள்கிற ஒருவர், லெனி என்ற பெண்ணைத் தெரிந்த ஒவ்வொருவரிடமும் போய்ச் சாட்சி வாங்குகிறார். லெனி வாயே திறப்பதில்லை. சாட்சிகள் முரண்படுகிறார்கள், பொய் சொல்கிறார்கள், மழுப்புகிறார்கள். வாக்குமூலங்களால் கட்டின நாவல்.

அதன் நடுவில் ஒரு காப்பிக் கோப்பை இருக்கிறது. போர்க்காலம். கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் மலர்வளையம் கட்டுகிற பட்டறை. செத்தவர்கள் அதிகம், அதனால் நல்ல வியாபாரம். லெனி அங்கே வேலை பார்க்கிறாள். போரிஸ் என்ற சோவியத் போர்க்கைதியை அங்கே வேலைக்கு அனுப்புகிறார்கள். நாஜிகளின் அகராதியில் ஸ்லாவியர்கள் ‘கீழ்மனிதர்கள்’. மொழிபெயர்ப்பில் நான் சேர்த்ததில்லை, அந்தச் சொல்லின் நேர்ப்பொருளே அதுதான். ஜெர்மனி பிடித்த சோவியத் கைதிகள் ஏறத்தாழ 57 லட்சம். அதில் 33 லட்சம் பேர் செத்தார்கள், பெரும்பாலும் பட்டினியிலும் குளிரிலும் நோயிலும். கைதிகளோடு ஒட்டி உறவாடுவது தண்டனைக்குரிய குற்றம். அப்படிப்பட்ட இடத்தில், காப்பி நேரத்தில், லெனி தன்னுடைய கோப்பையில் தன்னுடைய காப்பியை ஊற்றிப் போரிஸிடம் நீட்டுகிறாள். பட்டறையில் இருந்த ஒற்றைக்கால் நாஜி ஒருத்தன் தன் செயற்கைக் காலால் அந்தக் கோப்பையைத் தட்டிவிடுகிறான். கோப்பை உடையவில்லை. எல்லோரும் மூச்சடைத்து நிற்கிறார்கள். லெனி குனிந்து எடுக்கிறாள். குழாயடிக்குப் போகிறாள். அவசரமில்லாமல், சுத்தமாகக் கழுவுகிறாள், துடைக்கிறாள், மறுபடி ஊற்றுகிறாள், மறுபடி நீட்டுகிறாள். அவன் வாங்கிக்கொண்டு நல்ல ஜெர்மனில் நன்றி சொல்கிறான்.

அவ்வளவுதான். பேச்சு கிடையாது, கோஷம் கிடையாது. இதை ஒரு ஐரோப்பிய விமர்சகர் அன்பின் சின்னம், புனித விருந்து என்றெல்லாம் எழுதுவார். எழுதியும் இருக்கிறார்கள். டீக்கடையில் தனிக்குவளை வைத்துக் கழுவச் சொன்ன ஊரில் பிறந்தவனுக்கு அதில் சின்னம் எதுவும் தெரியாது. யார் வாய் வைத்த கோப்பையை யார் கழுவுகிறார்கள் என்பதுதான் தெரியும். நான் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். அதற்கு மேல் அன்றைக்கு ஓடவில்லை. கோப்பையை அவள் ‘கழுவியதை’ ப்யோல் அத்தனை நிதானமாக எழுதியிருக்கிறார். அழுக்கானது அந்த நாஜியின் கால் பட்டதால். போரிஸுக்காக அவள் அதைச் சுத்தம் செய்கிறாள். தீட்டு யார் பக்கம் என்று அந்தக் குழாயடியில் மாறிப்போகிறது.

போரிஸ் பிழைப்பதில்லை. போர் முடிந்தபின் ஜெர்மன் காகிதத்தோடு பிடிபட்டு, ஜெர்மானியனாகக் கருதப்பட்டுச் சுரங்கத்தில் சாகிறான். அவர்களுடைய மகன் லெவ் வளர்ந்து குப்பை வண்டித் தொழிலாளி ஆகிறான். நாவலின் கடைசியில் லெனியை வீட்டைவிட்டுக் காலிசெய்ய அதிகாரிகள் வருகிறார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குக் குறைந்த வாடகைக்கு அறை விட்டது அவள் குற்றம். துருக்கி, போர்ச்சுகல் என்று பல நாட்டுக் குப்பைத் தொழிலாளர்கள் சேர்ந்து வண்டிகளை நடுரோட்டில் மோதிப் போக்குவரத்தை அடைத்து, வெளியேற்றத்தைத் தள்ளிப்போடவைக்கிறார்கள். குப்பை அள்ளுகிறவர்கள் நாவலில் வந்தால் வாசகனுடைய பரிதாபத்தை வாங்கிக்கொண்டு போவார்கள். இங்கே திட்டம் போடுகிறவர்களே அவர்கள்தான். ரொம்ப ரசித்து எழுதியிருக்கிறார்.

அடுத்த வருஷம் நோபல். ஆனால் அந்த 1972 ப்யோலுக்கு நல்ல வருஷம் இல்லை. 1971 டிசம்பரில் கைசர்ஸ்லாட்டர்ன் என்ற ஊரில் வங்கிக் கொள்ளை, ஒரு போலீஸ்காரர் கொல்லப்பட்டார். யார் செய்தது என்று நிரூபணம் ஆவதற்கு முன்பே, பல லட்சம் பிரதி விற்கிற ‘பில்ட்’ நாளிதழ் பாதர்-மைன்ஹோஃப் ஆயுதக் குழுவின் மேல் கொலைப்பழியைத் தலைப்பிலேயே போட்டது. ஜனவரியில் ‘டெர் ஷ்பீகல்’ வார இதழில் ப்யோல் இதைக் கடுமையாகத் தாக்கினார். அந்தக் குழுவின் துப்பாக்கியை அவர் ஆதரிக்கவில்லை. ஆறு பேருக்கு எதிராக ஆறு கோடிப் பேரை ஏவிவிடுகிற வெறியைத்தான் கேட்டார், நாஜிக் காலத்தைப் பார்த்த நாட்டில் இது எங்கே போய் முடியும் என்றுதான் கேட்டார். உடனே அவரே பயங்கரவாதிகளின் ஆதரவாளர் ஆனார். ஜூன் மாதம் அவருடைய கிராமத்து வீட்டைப் போலீஸ் சோதனை போட்டது. அக்டோபரில் ஸ்வீடனிலிருந்து நோபல் செய்தி.

1974இல் பதில் வந்தது. ‘கத்தரீனா ப்ளூமின் இழந்த மானம்’. ப்ளூம் ஒரு வீட்டு வேலைக்காரப் பெண், வயது 27. சொந்த உழைப்பில் ஒரு சின்ன அடுக்குமாடி வீடு வாங்கிக் கடன் கட்டிக்கொண்டிருக்கிறாள். ஒரு விருந்தில் சந்தித்த இளைஞனை அன்றிரவு வீட்டுக்குக் கூட்டிவருகிறாள். அவன் போலீஸ் தேடுகிற ஆள். மறுநாளிலிருந்து ‘பத்திரிகை’ அவளை உரிக்கத் தொடங்குகிறது. அவள் முதலாளி, அவள் புத்திசாலி, நிதானமானவள் என்றால், ஈவிரக்கமற்ற கணக்குக்காரி என்று அச்சாகிறது. அறுவைசிகிச்சை முடிந்து படுத்திருக்கும் அவள் அம்மாவிடம் நிருபர் பெயின்டர் வேஷத்தில் நுழைகிறான். ஏன் இப்படி ஆச்சு என்று அந்தத் தாய் கேட்டது, இப்படித்தான் ஆகும் என்று தெரியும் என அச்சாகிறது. அம்மா செத்துப்போகிறாள். ஐந்தாம் நாள் கத்தரீனா நிருபரைச் சுட்டுக் கொன்றுவிட்டுப் போலீஸில் சரணடைகிறாள். புத்தகத்தின் முகப்பிலேயே, இது ‘பில்ட்’ பத்திரிகையின் நடைமுறையை ஒத்திருந்தால் அது திட்டமிட்டதும் அல்ல, தற்செயலும் அல்ல, தவிர்க்க முடியாதது என்ற பொருளில் ஒரு குறிப்பு வைத்தார் ப்யோல். இந்தக் குசும்பு எனக்குப் பிடிக்கும்.

எனக்கு அந்த நாவலில் துப்பாக்கியைவிட விசாரணை அறைதான் முக்கியம். விருந்துகளில் ஆண்கள் தன்னிடம் அத்துமீறினார்கள் என்கிறாள். அன்பாக நடந்துகொண்டார்கள் என்று எழுதப் பார்க்கிறார்கள். அன்பு என்றால் இரண்டு பக்கமும் இருக்கணும், இது ஒரு பக்கம் மட்டும், நான் சொன்ன சொல்லைப் போடாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று உட்கார்ந்துவிடுகிறாள். ஒவ்வொரு சொல்லுக்கும் சண்டை. நேரம் போகிறது, அதிகாரிகளுக்கு எரிச்சல். காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுக்கப்போன தோழர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. சாதிப் பெயர் சொல்லித் திட்டியது ‘வாய்த்தகராறு’ ஆவதும், கொளுத்தினது ‘தீ விபத்து’ ஆவதும் அந்த மேசையில்தான். ஒரு வேலைக்காரப் பெண் தன் வாக்குமூலத்தின் சொல்லுக்காகப் போராடுவதை ஒரு நோபல் பரிசுக்காரர் பக்கம் பக்கமாக எழுதினார் என்பது சின்ன விஷயமில்லை. 1975இல் ஷ்லோண்டோர்ஃப், மார்கரெத் ஃபன் ட்ரொட்டா இரண்டு பேரும் அதைப் படமாகவும் எடுத்தார்கள்.

அவருக்கே அது நடந்தது. 1974 நவம்பரில் ஒரு நீதிபதி கொல்லப்பட்டபோது, வன்முறைக்கு மண்ணைப் பண்படுத்தியவர் ப்யோல் என்று ஒரு தொலைக்காட்சி விமர்சகர், இவர் சொல்லாத மாதிரி இவர் பேச்சைத் திரித்துச் சொன்னார். ப்யோல் வழக்குப் போட்டார். 1980இல் மேற்கு ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம், ஒருவர் சொல்லாததை அவர் சொன்னதாக மேற்கோள் காட்டுவதற்குக் கருத்துச் சுதந்திரம் பாதுகாப்பு தராது என்று தீர்ப்பளித்தது. ஆறு வருஷம் விடாமல் நடத்தியிருக்கிறார்.

இவ்வளவு சொன்னவன் ஒரு மனத்தாங்கலையும் சொல்லியாக வேண்டும். ப்யோல் இடிபாட்டுக்காரர்தான், ஆனால் அந்த ஊரில் எல்லோருடைய வீடும் ஒரே நாளில் இடியவில்லை. யூதர்களின் வழிபாட்டு இடங்களும் கடைகளும் 1938 நவம்பரிலேயே எரிந்தன, கொலோனிலும் எரிந்தன. குண்டு விழுந்தது அப்புறம். 1951இல் எழுதிய ‘ஆதாமே, நீ எங்கிருந்தாய்?’ நாவலில் இலோனா என்ற யூதப் பெண் வருகிறாள். கத்தோலிக்க நம்பிக்கையுள்ளவள், ஆசிரியை, அழகாகப் பாடுவாள். வதைமுகாம் தளபதிக்குச் சேர்ந்திசைப் பைத்தியம். அவள் கிறிஸ்தவப் பிரார்த்தனை ஒன்றைப் பாடுகிறாள். அவனால் தாங்க முடியவில்லை, சுட்டுவிடுகிறான். காட்சி உலுக்கத்தான் செய்கிறது. ஆனால் நம் கண்ணீரை வாங்க அவள் கிறிஸ்தவப் பாட்டுப் பாடவேண்டியிருந்தது ஏன்? சாதாரணமான, கோபக்காரியான, பாடத் தெரியாத ஒரு யூதப் பெண் செத்தால் ஆகாதா? குழுப்பட நாவலிலும் யூதப் பெண்ணாகப் பிறந்த ராஹெல் கன்னியாஸ்திரியாகத்தான் வருகிறாள், மடத்தில் பட்டினியில் வாடிச் சாகிறாள், அவள் புதைகுழியில் ரோஜா பூக்கிறது. நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதிய கதைகளில் நம்ம ஆட்கள் எவ்வளவு சாதுவாக, எவ்வளவு நன்றியுள்ளவர்களாகச் சாகிறார்கள் என்று பார்த்தவர்களுக்கு இந்த ரோஜா உறுத்தும்.

போர்க்காலத்தில் அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் 2001இல் புத்தகமாக வந்தன. காப்பி அனுப்புங்கள், தூக்கம் விரட்டும் பெர்விட்டின் மாத்திரை அனுப்புங்கள் என்று கேட்கிற களைத்துப்போன சிப்பாய் அதில் இருக்கிறான். போரை வெறுக்கிறான். ஆனால் 1943 கடைசியில் ஒரு கடிதத்தில், ஜெயித்தால் இந்தக் கிழக்கு நாட்டிலேயே குடியேறி வாழலாமோ என்ற யோசனையும் ஓடுகிறது. அது யாருடைய நிலம்? போரிஸுடையது. 1943இல் அப்படி எழுதிய கைதான் 1971இல் அந்தக் கோப்பையைக் கழுவவைத்தது. இடையில் இருபத்தெட்டு வருஷம். ப்யோலை இந்தக் கடிதம் சிறியவராக்குகிறது என்று நான் நினைக்கவில்லை. எதிலிருந்து கிளம்பி எவ்வளவு தூரம் நடந்தார் என்பது இதிலிருந்துதான் தெரிகிறது. ஆனால் அந்த நடையை அவர் எங்கேயும் நேரடியாக எழுதியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

மற்றவை சீக்கிரம் சொல்லிவிடலாம். 1974இல் சோவியத் நாடு வெளியேற்றிய சோல்ஷெனிட்சின் முதலில் வந்து தங்கியது இவர் வீட்டில்தான். 1976இல் அன்னமாரியும் இவரும் கத்தோலிக்க சபை அமைப்பிலிருந்து விலகினார்கள். விசுவாசத்தை விடவில்லை, சபை அமைப்பையும் அதன் வரியையும்தான் விட்டோம் என்றார். 1981இல் பான் நகரத்தில் மூன்று லட்சம் பேர் கூடிய சமாதானப் பேரணியில் பேசினார். 1983இல் அமெரிக்க ஏவுகணைத் தளத்தை மறித்து முட்லாங்கனில் ஜனங்களோடு சாலையில் உட்கார்ந்தார். கால் நோயாளி, சிகரெட்டை விடமுடியாதவர். 1985 ஜூலை 16 அன்று இறந்தார்.

கொலோன் நகரம் அவருடைய கையெழுத்துப் பிரதிகளையும் கடிதங்களையும் குடும்பத்திடமிருந்து விலைக்கு வாங்கித் தன் வரலாற்று ஆவணக் காப்பகத்தில் சேர்த்தது. சேர்த்துச் சில வாரம்தான் ஆகியிருந்தது. 2009 மார்ச் 3 அன்று, அடியில் சுரங்க ரயிலுக்குத் தோண்டிக்கொண்டிருந்தபோது, அந்தக் கட்டடம் அப்படியே சரிந்தது. பக்கத்து வீட்டில் இருந்த இரண்டு இளைஞர்கள் செத்தார்கள். ப்யோல் பிறந்த தெரு அதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. மீட்புக்காரர்கள் மாதக்கணக்கில் செங்கல்லையும் சேற்றையும் கிளறி, நனைந்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து, உறையவைத்து, உலர்த்தி, தூரிகையால் தூசி தட்டினார்கள். கிழிந்த துண்டுகளை ஒட்டவைக்கிற வேலைக்கு இன்னும் பல பத்தாண்டுகள் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள்.